மெத்தில் பாதரசம்: சாகாத மீன்குஞ்சுக்கு என்ன ஆகிறது?

நுண்ணோக்கி | செவ்வாய், இரவு 9:40

நண்பர்களுக்கு வணக்கம். பல வருடமாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது அரிது. இன்று ஆய்வகத்தில் பார்த்த ஒன்றை யாரிடமாவது சொல்லாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

வரிக்குதிரை மீன் முட்டைகளை வைத்து நச்சுச் சோதனை செய்யும் ஓர் ஆய்வகத்தில் நான் திட்ட உதவியாளர். இந்தச் சோதனைக்குப் பல நாடுகளும் பின்பற்றும் விதிமுறை, ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 236-ஆம் வழிகாட்டி. 2013-ல் வந்தது. 24 குழித் தட்டு, குழிக்கு ஒரு முட்டை, ஒவ்வொரு செறிவுக்கும் 20 முட்டை, மொத்தம் 96 மணி நேரம். தினமும் நுண்ணோக்கியில் வைத்து நான்கு விஷயம் பார்ப்போம். முட்டை உறைந்து வெளுத்துவிட்டதா, உடற்கண்டங்கள் உருவாகாமல் போனதா, வால் மஞ்சள்கருவை விட்டுப் பிரியாமல் ஒட்டிக் கிடக்கிறதா, இதயம் நின்றுவிட்டதா. இதில் ஒன்று இருந்தாலும் செத்த கணக்கு. எதுவும் இல்லையென்றால் உயிரோடு இருக்கிற கணக்கு.

இன்று தட்டுகளைக் கழுவி முடித்தபோது, நச்சு எதுவும் படாத ஆறு நாள் குஞ்சுகள் ஒரு தனித் தட்டில் மிச்சம் இருந்தன. நாலு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி போன்ற உடம்பு. ஒரு சொட்டு பாரமீசியம் (நீரில் நீந்தும் ஒருசெல் உயிரி) விட்டுப் பார்த்தேன். ஒரு குஞ்சின் இரண்டு கண்களும் மூக்கை நோக்கிக் குவிந்தன. வால்நுனி மட்டும் தூண்டில் முள் மாதிரி ஒரு பக்கம் வளைந்தது, உடம்பு மெல்ல இரையின் பக்கம் திரும்பியது. கொஞ்சம் நகர்ந்தது, நின்றது, ஒரே பாய்ச்சல். பாரமீசியத்தைக் காணோம். எல்லாம் சேர்த்து ஓரிரு நொடிதான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் சோதனை நான்காம் நாள் முடிகிறது. குஞ்சு முதல் இரை தேடி வாய் திறப்பது ஐந்தாம் நாள். அது வேட்டையாடுமா, மாட்டாதா என்று தெரிவதற்குள் நாங்கள் "உயிருடன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுகிறோம்.

இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. அமெரிக்காவின் கிழக்குக் கரைக் கழிமுகங்களில் மம்மிசாக் என்றொரு சின்ன மீன். நியூ ஜெர்சியில் ஜூடித் வைஸ், பெட்ரிக் வைஸ் என்ற தம்பதி பல பத்தாண்டுகளாக இதை வைத்து, பாதரசத்தின் நச்சு வடிவமான மெத்தில் பாதரசத்தைப் பற்றி ஆராய்ந்தவர்கள். 1995-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை. முட்டைப் பருவத்தில் லிட்டருக்கு 5, 10 மைக்ரோகிராம் அளவில் மெத்தில் பாதரசம் கலந்த நீரில் வைத்தார்கள். பொரிந்து வந்த குஞ்சுகளுக்குப் பிறகு சுத்தமான நீர், ஆர்ட்டீமியா என்ற பொடி இறால் உணவு. பார்வைக்கு நன்றாக இருந்த குஞ்சுகள்கூட ஆர்ட்டீமியாவைப் பிடிப்பதில் பின்தங்கின. சுமார் ஒரு வாரத்தில் தேறி, மற்றவற்றின் அளவுக்கு வந்துவிட்டன.

ஒரு வாரத்தில் தேறிவிட்டனவே என்று நிம்மதி அடையலாமா? இதைத்தான் உங்களிடம் கேட்க வந்தேன்.

---

கொடுவா_மணி | செவ்வாய், இரவு 10:25

மேடம், நான் மரக்காணம் பக்கம் குஞ்சு பொரிப்பகத்துல பத்தொன்பது வருஷமா வேலை பாக்குறேன். படிப்பு பெருசா இல்ல, ஆனா நீங்க கேட்ட கேள்விக்கு எங்க தொட்டியில பதில் இருக்கு.

கொடுவா குஞ்சு பொரிஞ்ச ரெண்டு மூணு நாள்ல வாய் திறக்கும். அன்னைக்கு ராத்திரி நாங்க யாரும் வீட்டுக்குப் போறதில்ல. ரோட்டிபர்ங்கற பொடி இரை உயிரிய விட்டுட்டு, ஒரு பத்துக் குஞ்சைப் பிப்பெட்ல எடுத்துக் கண்ணாடித் துண்டுல வச்சு வயித்தப் பாப்போம். உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கறதால உள்ள ரோட்டிபர் கெடக்கறது அப்படியே தெரியும். பத்துல எட்டு வயிறு நெறஞ்சிருந்தா மூச்சு விடுவோம். வயிறு காலின்னா தொட்டியில குஞ்சு துள்ளிக்கிட்டு இருந்தாலும் அந்தத் தொட்டி போச்சு. ரெண்டு நாள் கழிச்சு அடியில வெள்ளையா படிஞ்சிருக்கும், சைஃபன் போட்டு எடுக்கணும்.

பட்டினி கெடந்த குஞ்சுக்கு ஒரு கட்டம் இருக்கு. அதைத் தாண்டிட்டா வாய்கிட்ட இரையக் கொண்டுபோய் வச்சாலும் தின்னாது. தின்னத் தெம்பு இருக்காது. அதனால ஒரு வாரத்துல தேறிடுச்சுன்னு சொல்றது, தொட்டி நெறைய ஆர்ட்டீமியா ஊத்தி வச்ச எடத்துல மட்டுந்தான் செல்லும். கடல்ல யாரு ஊத்துவா?

---

நுண்ணோக்கி | செவ்வாய், இரவு 10:50

மணி அண்ணா, நீங்கள் சொன்னதைத்தான் 1914-லேயே நார்வேயின் யோஹான் யோர்ட் சொல்லியிருக்கிறார். மஞ்சள்கரு தீர்ந்து முதல் இரை தேடும் அந்தச் சில நாட்களை அவர் நெருக்கடிக் காலம் என்றார். அப்போது இரை கிடைத்த ஆண்டின் குஞ்சுகள் பெருகி வலையை நிரப்பும், கிடைக்காத ஆண்டில் பிறந்தவை காணாமலே போகும் என்பது அவர் கருத்து. நார்வேயில் 1904-ல் பிறந்த ஹெர்ரிங் மீன்கள்தான் பிறகு வந்த பல ஆண்டுகளின் பிடிப்பில் பெரும்பங்கு. அத்தனை பேரின் பிழைப்பும் அந்த ஒரு வருடத்துக் குஞ்சுகள் பிழைத்ததில் இருந்தது.

மெத்தில் பாதரசம் தட்டிப் பறிப்பது இதே நாட்களைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

---

உப்பங்கழி | புதன், காலை 7:15

நல்ல இழை. ஆனால் இரண்டு விஷயத்தில் நான் மாறுபடுகிறேன். சுற்றுச்சூழல் மதிப்பீட்டு வேலையில் இருப்பவன், அதனால் எண்ணைப் பார்க்காமல் நகர முடியவில்லை.

முதலாவது, லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் எந்த ஆற்றில் இருக்கிறது? மாசுபடாத நீரில் மொத்தப் பாதரசமே லிட்டருக்குச் சில நானோகிராம்தான். அதில் மெத்தில் வடிவம் ஒரு நானோகிராமுக்கும் கீழே. ஆயிரக்கணக்கான மடங்கு கூடுதலாகக் கொடுத்துவிட்டு, பாருங்கள் குஞ்சு தடுமாறுகிறது என்றால் அதை வைத்து நான் ஒரு ஆலைக்கு என்ன நிபந்தனை எழுத முடியும்?

இரண்டாவது, ஒரு தாய்மீன் லட்சக்கணக்கில் முட்டையிடுகிறது. எப்படியும் நூற்றில் தொண்ணூற்றொன்பது குஞ்சு சாகத்தான் போகிறது. கொஞ்சம் கூடுதலாகச் செத்தால் மிச்சமிருப்பவற்றுக்கு இரை கூடுதலாகக் கிடைக்கும், வேகமாக வளரும். இயற்கையில் இந்த ஈடுகட்டல் உண்டு. அதைக் கணக்கில் எடுக்காமல் பேசக்கூடாது.

96 மணி நேரத்தோடு நிறுத்துவதற்கும் காரணம் உண்டு. தானாக இரை உண்ணும் குஞ்சு ஐரோப்பியச் சட்டப்படி சோதனை விலங்கு. அதற்கு முன்பு கரு. விலங்குகளை வதைக்காமல் சோதிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் அந்தக் கோடு போடப்பட்டது.

---

நுண்ணோக்கி | புதன், மதியம் 1:30

உப்பங்கழி சார், உங்கள் முதல் கேள்வி நியாயமானது. நீரில் இருக்கும் அளவை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் இயற்கையில் இருக்கும் முட்டைக்குப் பாதரசம் நீரிலிருந்து வருவதைவிட அம்மாவிடமிருந்துதான் அதிகம் வருகிறது.

வரும் வழியைப் பாருங்கள். சேற்றின் அடியில் காற்றில்லாத இடத்தில் சில நுண்ணுயிரிகள் சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அதற்கான இரண்டு மரபணுக்களை 2013-ல்தான் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து பாசி, பாசியைத் தின்னும் நுண்விலங்கு, சிறுமீன், பெருமீன் என்று ஒவ்வொரு படியிலும் சேர்ந்துகொண்டே போகும். நீரில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்கு வரை பெருமீனின் தசையில் ஏறிவிடும். அந்தப் பெருமீன் முட்டையிடும்போது ஒரு பங்கு முட்டைக்குள் போகிறது. குஞ்சு பிறக்கும் முன்பே சீதனம் மாதிரி வாங்கிக்கொண்டு வருகிறது.

டெக்சாஸில் அட்லாண்டிக் குரோக்கர் மீனை வைத்து 2006-ல் இப்படித்தான் செய்தார்கள். நீரில் எதுவும் கலக்கவில்லை. தாய்மீன்களுக்கு ஒரு மாதம் மெத்தில் பாதரசம் கலந்த தீவனம். முட்டையில் சேர்ந்தது கிராமுக்கு 5 நானோகிராமுக்கும் கீழே. பொரிந்த குஞ்சுகளின் நீச்சல் வேகம் குறைந்தது. அதிர்வு கேட்டால் துள்ளி விலகும் அனிச்சையும் மந்தமானது. எதிரி வரும்போது தப்பிக்க அந்தத் துள்ளல் ஒன்றுதான் குஞ்சிடம் இருக்கும் ஆயுதம்.

உங்கள் இரண்டாவது வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஈடுகட்டல் உண்மைதான். ஆனால் ஒரு கழிமுகத்துக் குஞ்சுகள் எல்லாமே மந்தமாக இருந்தால் யாருக்கு யார் ஈடு?

---

ஜெர்சிக்காரன் | புதன், இரவு 8:05

இந்த இழையைப் பார்த்ததும் சந்தோஷம். நான் இருபது வருடமாக நியூ ஜெர்சியில் இருக்கிறேன். நுண்ணோக்கி குறிப்பிட்ட வைஸ் தம்பதி வேலை செய்த பைல்ஸ் க்ரீக் என் வீட்டிலிருந்து அரை மணி நேரம். லிண்டன் நகரத்தின் ஓரம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே ஒரு சதுப்பு ஓடை. கோரைப்புல் இடுப்பளவு நிற்கும், வற்றம் வந்தால் கறுப்புச் சேறு மினுமினுக்கும். அந்தச் சேற்றில் பாதரசத்தோடு மற்ற உலோகங்களும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாப் பழியையும் ஒரே நஞ்சின் மேல் போட முடியாது.

உப்பங்கழி சார் கேட்ட ஈடுகட்டலுக்கு அங்கே ஒரு விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த ஓடையின் மம்மிசாக் முட்டைகள் மெத்தில் பாதரசத்தைத் தாங்குகின்றன. சுத்தமான இடத்து முட்டைகளுக்கு உருக்குலைவு வரும் செறிவில் இவற்றுக்கு அவ்வளவாக வருவதில்லை. தலைமுறை தலைமுறையாக நஞ்சில் கிடந்து தேறிய கூட்டம். இதைப் படித்தபோது இயற்கை எவ்வளவு கெட்டி என்று எனக்கும் வியப்பாக இருந்தது.

மேலே படித்தால் வேறு கதை. பெரிய மீனாக வளர்ந்த பிறகு இவற்றுக்கு அந்தத் தாங்கும் சக்தி இல்லை. மெதுவாக வளர்கின்றன, சீக்கிரம் சாகின்றன, வெட்டுப்பட்ட துடுப்பு மறுபடி முளைக்கவும் தாமதம். முக்கியமாக, வேட்டை வரவில்லை. இவற்றின் குடலைக் கிழித்துப் பார்த்தால் அடிச்சேற்று மக்கல் நிறைய, உயிருள்ள இரை கொஞ்சம். சுத்தமான இடமான டக்கர்ட்டன் மீன்களின் குடலில் இறால் போன்ற இரை அதிகம். டக்கர்ட்டன் மீன்களைக் கொண்டுவந்து பைல்ஸ் க்ரீக் சேறும் அங்கத்து இறாலும் போட்ட தொட்டியில் வைத்தால், சில வாரத்தில் அவையும் இரை பிடிப்பதில் பின்தங்கின.

இன்னொன்று. பைல்ஸ் க்ரீக்கில் புல் இறால்கள் மற்ற இடத்தைவிட அதிகம், பெரிதும்கூட. வேட்டையாடுகிறவன் மந்தமாகிவிட்டதால் இரை கொழுத்துவிட்டது. அந்தப் புல் இறால்தான் மம்மிசாக்கின் குஞ்சைப் பிடித்துத் தின்னும். முட்டையில் மெத்தில் பாதரசம் பட்ட குஞ்சுகள் முதல் சில நாட்கள் எளிதாக இறாலிடம் மாட்டிக்கொள்கின்றன என்று வைஸ் குழுவினர் 1998-ல் எழுதியிருக்கிறார்கள். ஆக, அந்த ஓடையில் மீன் கூட்டம் அழியவில்லை. வருடா வருடம் எண்ணினால் மீன் இருக்கும். அது வாழும் வாழ்க்கைதான் மாறிப்போய்விட்டது.

கடைசியாக ஒன்று சொல்கிறேன், இந்த மீன் மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்காக. 1973-ல் ஸ்கைலாப் நிலையத்துக்குப் போன மம்மிசாக்தான் விண்வெளிக்குப் போன முதல் மீன்.

---

கடலோடி | புதன், இரவு 10:10

தூத்துக்குடியிலிருந்து எழுதுறேன். நாட்டுப் படகுத் தொழில். மம்மிசாக் எப்ப முட்டை போடும்னு யாராவது சொல்லுங்க. எங்க ஊர்ல மடவை, கெளுத்தி எல்லாம் முகத்துவாரத்துக்கு வர்றது நிலாவப் பாத்துத்தான். அதனால கேக்குறேன்.

---

ஜெர்சிக்காரன் | வியாழன், காலை 6:20

கடலோடி அண்ணே, சரியாகப் பிடித்தீர்கள். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய பெரிய ஏற்றத்தில்தான் முட்டையிடும். கோரைப்புல் இலை இடுக்கிலும், காலிக் கிளிஞ்சல் ஓட்டுக்குள்ளும் ஒட்டிவிட்டுப் போய்விடும். நீர் வற்றியதும் முட்டைகள் ஈரக்காற்றிலேயே கிடக்கும். அடுத்த பெரிய ஏற்றம் வந்து நனைத்தால் பொரியும். ஏறக்குறைய இரண்டு வாரம்.

---

கடலோடி | வியாழன், காலை 6:45

அப்ப ரெண்டு வாரம் முட்டை அந்தச் சேத்து மேலயே கெடக்குது.

எங்க அப்பா சொல்லுவாரு, முகத்துவாரம் தாய் வீடு, அதுல கைய வைக்காதேன்னு. குஞ்சு பொரிக்கற மாசத்துல சின்னக் கண்ணி வலைய அவரு எடுக்கவே மாட்டாரு. வலையத் தடுக்க எங்களுக்கு மனசு இருந்துச்சு, சட்டமும் வந்துச்சு. சேத்துல கெடக்கறத நாங்க எப்படித் தடுக்கறது?

---

இரண்டாமாண்டு_வேதியியல் | வியாழன், மாலை 5:30

அக்கா, ஒரு சந்தேகம். உலோகப் பாதரசத்தை வகுப்பில் பார்த்திருக்கிறோம், உருண்டு ஓடும். விழுங்கினால்கூடப் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும் என்று ஆசிரியர் சொன்னார். ஒரு மெத்தில் தொகுதி சேர்ந்தால் மட்டும் எப்படி நேராக மூளைக்குப் போகிறது?

---

நுண்ணோக்கி | வியாழன், இரவு 9:00

நல்ல கேள்வி தம்பி. பாதரசத்துக்குக் கந்தகத்தின் மேல் அடங்காத பிடிப்பு. உடம்பில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் கந்தகம் இருக்கிறது. மெத்தில் பாதரசம் அதோடு ஒட்டிக்கொண்டால், பார்ப்பதற்கு மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் மாதிரியே ஆகிவிடுகிறது. மூளையின் வாசலில் மெத்தியோனினை உள்ளே ஏற்றிவிடும் கடத்திப் புரதம் ஒன்று நிற்கிறது. நம்ம வீட்டுப் பிள்ளை என்று நினைத்து அது இதையும் உள்ளே விட்டுவிடுகிறது. தாயின் நஞ்சுக்கொடியைக் கடந்து, தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போவதும் இப்படித்தான்.

உள்ளே போனதும் பல இடத்தில் கை வைக்கும். செல் பிரியும்போது இழுத்துப் பிரிக்கிற நுண்குழல்களைக் குலைக்கும். செலினியத்தை நம்பி வேலை செய்யும் காப்பு நொதிகளை முடக்கும். வளர்ந்த மூளையைவிட வளர்கிற மூளைக்கு ஏன் கூடுதல் சேதம் என்பதற்கு இதுதான் காரணம். அங்கே ஒவ்வொரு நிமிடமும் செல்கள் பிரிந்து, தங்கள் இடத்தைத் தேடிப் போய்க்கொண்டிருக்கின்றன.

கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகக் குழு 2008-ல் வரிக்குதிரை மீன் குஞ்சுகளைக் கூர்மையான எக்ஸ் கதிர்க் கற்றையால் படமெடுத்தது. பாதரசம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒளிரும். மூளை, தசை எல்லாவற்றையும்விட அதிகமாக ஒளிர்ந்தது கண் லென்ஸின் ஓரம், புதிது புதிதாகச் செல்கள் பிறக்கும் அந்த வளையம். நான் பார்த்த குஞ்சு முதலில் கண்ணைத்தான் குவித்தது என்று சொன்னேன் அல்லவா? அந்தப் படத்தைப் பார்த்த பிறகு என்னால் அதை மறக்க முடியவில்லை.

2017-ல் அமெரிக்காவின் மில்வாக்கியிலிருந்து, இதே வரிக்குதிரை மீனை வைத்து வந்த ஆய்வு இன்னும் கனமானது. முட்டையிட்ட முதல் 24 மணி நேரம் மட்டும் மெத்தில் பாதரசம், அப்புறம் வாழ்நாள் முழுக்கச் சுத்த நீர். அதன் பேரப்பிள்ளைத் தலைமுறையில் பார்வைக் குறையும், காரணமில்லாத அதிகத் துடிப்பும் இருந்தன. பேரனுக்கு அந்த நஞ்சு நேரே பட்டதே இல்லை.

---

வடமராட்சி | வெள்ளி, காலை 5:50

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். விஞ்ஞானம் படிச்சவள் இல்லை, ஆனா தொப்புள்கொடி எண்டு நீங்கள் எழுதினதை வாசிச்சதும் மனம் ஒரு மாதிரிப் போச்சுது.

என்ர தங்கச்சிக்குப் போன மாதம்தான் பிள்ளை பிறந்தது. பால் நல்லா வரவேணும் எண்டு அம்மா கிழமையில ரெண்டு நாள் சுறா வறை வறுத்துக் குடுக்கிறா. பால்சுறா எண்டு பாத்து வாங்குறவ. எங்கட அம்மம்மா காலத்திலயிருந்து இதுதான் வழக்கம். சுறா பெரிய மீனையெல்லாம் தின்னுற மீன்தானே. நுண்ணோக்கி அக்கா சொன்ன கணக்குப்படி அதிலதானே கூடச் சேரும்? இதை அம்மாவுக்கு எப்பிடிச் சொல்லுறது?

---

உப்பங்கழி | வெள்ளி, காலை 8:30

தங்கச்சி, பயப்பட வேண்டாம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கருவில் இருக்கும்போது தொப்புள்கொடி வழியாகப் போகும் அளவோடு ஒப்பிட்டால் தாய்ப்பாலில் போவது குறைவு. தாய்ப்பாலை நிறுத்தும் யோசனையே வேண்டாம்.

ஆனால் சுறாவைப் பற்றி நீங்கள் நினைத்தது சரிதான். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2018-ல் மெத்தில் பாதரசத்துக்கு மீன்வாரியாக உச்ச அளவு வைத்தது. சூரை வகைகளுக்குக் கிலோவுக்கு 1.2 மில்லிகிராம், சுறாவுக்கு 1.6, மார்லினுக்கு 1.7. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்கச் சொல்லும் பட்டியலில் சுறா இருக்கிறது. சமைத்தால் போகாது, தசைப் புரதத்தோடு ஒட்டியிருக்கும். உடம்பில் சேர்ந்தது பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐம்பது நாள் ஆகும்.

மீனையே நிறுத்திவிடாதீர்கள். மீனில் இருக்கும் கொழுப்பு பிள்ளையின் மூளைக்கு வேண்டும். மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி மாதிரிச் சிறிய மீன்கள் அடிப்படியில் தின்பவை, ஆயுள் குறைவு, பாதரசம் சேர நேரமில்லை. பிள்ளையைப் பார்க்க வரும் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

---

கொடுவா_மணி | வெள்ளி, காலை 9:10

தங்கச்சி, அம்மாகிட்ட சுறா கூடாதுன்னு ஆரம்பிக்காதீங்க. நெத்திலிய வாங்கிட்டுப் போய்க் குடுங்க. முள்ளோட ஆஞ்சு, பூண்டு நெறையத் தட்டிப் போட்டு வறுத்தா அதே ருசி வரும். எங்க வீட்டுல சுறா புட்டுக்குப் பதிலா அதைத்தான் என் பொண்ணுக்குக் குடுத்தோம். பூண்டுலதான் பால் ஊறுதுன்னு எங்க மாமியாரே ஒத்துக்கிட்டாங்க.

---

வடமராட்சி | வெள்ளி, மாலை 6:40

நன்றி அண்ணா, நன்றி ஐயா. நெத்தலி வாங்கியாச்சு. அம்மா ஒண்டும் சொல்லேல்லை, உள்ளி மட்டும் இன்னும் போடு எண்டா.

---

ஜெர்சிக்காரன் | வெள்ளி, இரவு 9:15

வடமராட்சித் தங்கையின் கேள்வியால் மினமாட்டா ஞாபகம் வந்தது. பலருக்குத் தெரிந்த கதைதான், ஒரு பகுதியை மட்டும் சொல்கிறேன்.

ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் சிஸ்ஸோ ஆலை 1932 முதல் 1968 வரை அசிட்டால்டிஹைடு தயாரித்தது. கழிவில் மெத்தில் பாதரசம். முதலில் பூனைகள் வலிப்பு வந்து சுழன்று கடலில் விழுந்தன. 1956 மே 1-ல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அந்த ஊரில் நோய்க்குறி பெரிதாக இல்லாத தாய்மாருக்குப் பெருமூளைப் பாதிப்போடு குழந்தைகள் பிறந்தன. நச்சு தாயின் நஞ்சுக்கொடியைத் தாண்டாது என்பதுதான் அன்றைய மருத்துவ நம்பிக்கை. மருத்துவர் ஹராதா மசசுமி நம்பவில்லை. ஜப்பானில் குழந்தையின் உலர்ந்த தொப்புள்கொடியைச் சின்ன மரப்பெட்டியில் வைத்துப் பாதுகாக்கும் வழக்கம் உண்டு, நம் ஊரில் தாயத்துக்குள் அடைப்பது மாதிரி. அந்தக் கொடிகளைக் குடும்பங்களிடம் வாங்கிச் சோதித்தார்கள். பாதரசம் இருந்தது.

என் தாயத்து இன்னும் அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. அது ஒரு சாட்சியாகவும் ஆகலாம் என்று இதைப் படிக்கும் வரை எனக்குத் தோன்றியதில்லை.

---

மேல்மலை | சனி, காலை 11:00

கொடைக்கானல் பக்கத்துக்காரன். எங்கள் ஊரைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். இங்கே இருந்த தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டது. அந்த ஆண்டு மூஞ்சிக்கல் பழைய பொருள் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் கண்டெடுக்கப்பட்டது நாடறிந்த செய்தி. ஆலை இருந்தது பாம்பாற்றுச் சோலைச் சரிவின் தலைமாட்டில். தொழிலாளர்களின் உடல்நிலை பற்றிப் பேசினோம், மண்ணைக் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் வரை சுத்தம் செய்வது என்று வருடக்கணக்கில் பேசினோம். சரிவுக்குக் கீழே ஓடையில் பொரிக்கும் மீன்குஞ்சு இரை பிடிக்கிறதா என்று ஒரு கூட்டத்திலும் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. நானும் கேட்டதில்லை. இந்த இழையைப் படித்த பிறகு அது என்னை உறுத்துகிறது.

---

உப்பங்கழி | சனி, இரவு 7:45

மூன்று நாளாக யோசிக்கிறேன். என் ஈடுகட்டல் வாதத்தில் பாதியை விட்டுக்கொடுக்கிறேன். ஈடுகட்டல் எண்ணிக்கைக்குத்தான் நடக்கும். பைல்ஸ் க்ரீக்கில் எண்ணிக்கை நின்றது, வேட்டையாடும் பழக்கம் போனது, இறால் பெருகியது. நான் எழுதும் அறிக்கையில் "மீன் வளம்: பாதிப்பில்லை" என்று ஒரு வரி வரும். அந்த வரிக்குப் பின்னால் எப்படிப்பட்ட மீன் இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை.

செறிவு பற்றிய வாதத்தை மட்டும் விட மாட்டேன். முட்டைக்குள் எவ்வளவு என்று அளக்காமல் நீரில் எவ்வளவு என்று மட்டும் எழுதும் ஆய்வுகளை நான் இனியும் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

---

நுண்ணோக்கி | ஞாயிறு, மாலை 4:20

அந்தச் சந்தேகம் எனக்கும் வேண்டும் சார், விடாதீர்கள்.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். சோதனையை நான்காம் நாளோடு நிறுத்தாமல் ஏழாம் நாள் வரை கொண்டுபோய், இரை பிடிப்பதையும் எண்ண அனுமதி கேட்டு எங்கள் விலங்கு நெறிக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கிவிட்டேன். ஏன் குஞ்சுகளைக் கூடுதலாக மூன்று நாள் வைத்திருக்க வேண்டும் என்று காரணம் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். குறைந்த எண்ணிக்கையில், வலி கொடுக்காமல் எப்படிச் செய்வது என்பதையும் எழுத வேண்டும்.

மணி அண்ணா, உங்களிடம் ஒரு உதவி. ஒரு குஞ்சு எத்தனை பாரமீசியம் தின்றது என்று எண்ணுவதில் திணறுகிறேன். இரண்டு முறை எண்ணினால் இரண்டு கணக்கு வருகிறது.

---

கொடுவா_மணி | ஞாயிறு, மாலை 5:05

மேடம், தின்னதை எண்ணாதீங்க, மிச்சத்தை எண்ணுங்க. சின்னக் குழியில ஒரு குஞ்சு, முப்பது பாரமீசியம், அதை நீங்களே பிப்பெட்ல எண்ணி விடணும். குஞ்சே இல்லாத குழி ஒண்ணும் பக்கத்துல வைங்க, ஏன்னா பாரமீசியம் தானாவும் பெருகும், சாகவும் சாகும், அந்தக் கணக்கக் கழிக்கணும். தண்ணி 28 டிகிரி இருக்கணும், குளுந்துச்சுன்னா நல்ல குஞ்சே சோம்பும். வெளிச்சம் எல்லாக் குழிக்கும் ஒரே மாதிரி விழணும், இருட்டுல குஞ்சுக்கு இரை தெரியாது. கறுப்புத் தாள் மேல தட்ட வச்சு, பக்கவாட்டுல விளக்கப் புடிச்சா பாரமீசியம் வெள்ளைப் புள்ளியா ஓடும்.

விட்ட நேரத்த எழுதி வைங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு எண்ணுங்க. எண்ணி முடிச்சதும் எல்லாக் குஞ்சுக்கும் வயிறு நெறையப் போட்டுருங்க.